ஐந்நூறு அமர்வுகள்

கடுவனாறு என்று ஓர் ஆறு. அதற்கு மேற்கே மேல்கரை, கிழக்கே கீழ்க்கரை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ராஜா. யார் குறை சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார் என்பதால் அவருக்கு நெடுஞ்செவியர் என்று பெயர். கேட்டபிறகு என்ன செய்வார் என்பதை மட்டும் பெயர் வைத்தவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஒரு வருஷம் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு சண்டை மூண்டது. உப்பு விலை ஏறியிருந்தது. ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் கோட்டைச் சுவர் கட்டப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பசியோடு வீடு திரும்புகிறவனும் பசியோடு காத்திருந்தவளும் வேறென்ன பேசிக்கொள்வார்கள்? ஆனால் இல்லற அமைச்சர் செஞ்சொற்கோமான் வேறு காரணம் கண்டுபிடித்தார். "மன்னா, குடிமக்கள் சண்டையிடுவது குற்றமன்று. தகுதியற்றவர்கள் அதைத் தீர்த்துவைப்பதே குற்றம்!" என்றார். அவர் தம் மனைவியோடு பேசிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. துறைக்கு வேண்டிய அனுபவம் அவரிடம் இருப்பதாகச் சபை ஏற்றுக்கொண்டது.

முதல் ஆணை வந்தது. இனி கணவன் மனைவி தகராறில் உரிமம் பெற்ற சமரசர் தவிர வேறு எவரும் வாய் திறக்கக்கூடாது. உரிமம் வேண்டுவோர் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். பிறகு ஐந்நூறு அமர்வுகள் பயிற்சி செய்ய வேண்டும். மறுநாளே, "சரி விடு, பாவம், பசியில கத்துறான்" என்று மருமகளிடம் சொன்ன ஒரு மாமியாரைக் காவலர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். மகனுக்காகப் பேசினாள் என்பதால் அல்ல, படிக்காமல் பேசினாள் என்பதால்.

உப்புக் கிடங்கில் எடை போடுகிற வேலையில் இருந்தவள் தையல்நாயகி. வயது முப்பத்தாறு. அவள் முன்னால் வரிசையில் நிற்கும்போதே புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொள்வார்கள். தராசை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் ஓரமாக உட்காரவைத்துக் கேட்பாள். அதிகம் பேசமாட்டாள். யாராவது கேட்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடுகிறது என்பது அவளுக்குக் கைவந்த விஷயம். ஆணை வந்தபிறகு அதைச் செய்ய முடியவில்லை. கண் முன்னால் ஒரு குடும்பம் பிரிவதைப் பார்த்துக்கொண்டு உப்பை அளந்துகொண்டிருக்க அவளால் ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சேர்ந்தாள். முறையாகவே செய்துவிட்டுப் போவோமே என்று நினைத்தாள், பாவம்.

படிப்பு நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அழுகிறவரை அவசரப்படுத்தாதே, ஒருவர் பேசும்போது மற்றவரின் கையைப் பார், உன் வீட்டுக் கோபத்தை அவர்கள் மேல் ஏற்றாதே என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். தையல்நாயகிக்கு அதில் பாதி தெரிந்திருந்தது, மீதியைக் கேட்டு வியந்தாள். வம்பு பயிற்சியில்தான் வந்தது.

ஒவ்வொரு அமர்வையும் திரைக்குப் பின்னால் ஒரு வித்தகர் இருந்து மேற்பார்க்க வேண்டும் என்றது இரண்டாம் ஆணை. நாடு முழுவதற்கும் வித்தகர்கள் மூன்றே பேர். மூவரும் அமைச்சருக்கு உறவு. ஒரு தம்பதிக்கு முதல் அமர்வு கிடைக்கவே எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் சமாதானம் ஆகிவிட்டால் முறை போய்விடும் என்று ஜனங்கள் கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தையல்நாயகிக்கு வாய்த்த வித்தகர் பூவராகர். திரைக்குப் பின்னால் அவர் இருக்கிறார் என்பது குறட்டையால் மட்டுமே தெரியும்.

மூன்றாம் ஆணைதான் குடியைக் கெடுத்தது. தம்பதி சேர்ந்துவிட்டால் அந்த அமர்வுகள் செல்லாது. "சேர்ந்துவிட்டார்கள் என்றால் சண்டை இருந்ததற்கு என்ன சான்று? இல்லாத சண்டையில் செய்த பயிற்சி எப்படிப் பயிற்சியாகும்?" என்று அமைச்சர் விளக்கினார். பிரிந்தவர்களின் அமர்வுகள் செல்லும். இழுத்துக்கொண்டே இருப்பவர்களின் அமர்வுகள் அதைவிட நன்றாகச் செல்லும். தையல்நாயகியோடு படித்த பரிமளரங்கன் ஒரே ஒரு தம்பதியை வைத்து ஐந்நூறையும் முடித்தான். புருஷன் பக்கம் போய் "நீங்கள் பொறுத்தது போதும்" என்பான், அந்தம்மா பக்கம் போய் அதையே சொல்வான். அவனுக்குத் தங்க விளிம்பு போட்ட உரிமம் கிடைத்தது.

தையல்நாயகி பத்து வீடுகளைச் சேர்த்துவைத்திருந்தாள். அவை எதுவும் அவள் ஏட்டில் இல்லை. ஏட்டில் இருந்த நானூற்று அறுபதும் அவள் என்ன செய்தும் ஒட்டாமல் போன வீடுகள். பயிற்சியை மூன்று வருஷத்துக்குள் முடிக்காதவர் பிறகு எந்நாளும் உரிமம் கேட்க முடியாது. அவளுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தபோது கோட்டைச்சாமியும் பொற்கலையும் வந்தார்கள்.

கோட்டைச்சாமி மேல்கரைப் படகுக்காரன். பொற்கலை கீழ்க்கரைப் பெண். தேர் முதலில் எந்தக் கரையில் நிற்பது என்று இரு கரைக்கும் நாற்பது வருஷத் தகராறு. கல்லெறி நடந்த வாரத்தில் பொற்கலையின் அப்பா இறந்துபோனார். கோட்டைச்சாமி சாவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக நாள் குறித்திருந்தாள். அமைச்சகமே அவசரம் என்று முத்திரை குத்தி, தினம் இரண்டு அமர்வு ஒதுக்கியது. கரை தாண்டிய கல்யாணம் முறிவது அமைச்சகத்துக்கு ஏனோ மிகவும் முக்கியமாக இருந்தது.

முப்பத்தொன்பது அமர்வு போயிற்று. அவள் திட்டுவாள், அவன் தலையைக் குனிந்துகொண்டிருப்பான். நாற்பதாவது அமர்வில் பொற்கலை கேட்டாள்.

"எங்கப்பா உன்னைய ஒரு நாளாச்சும் மேல்கரைக்காரன்னு பாத்துருப்பாரா? சொல்லு. மாப்ள மாப்ளன்னு உசுர விட்டாரே. நீ ஒரு கைப்பிடி வாய்க்கரிசி போட வரலையே!"

கோட்டைச்சாமியின் விரல்கள் வேட்டி ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தன. தையல்நாயகி அதைப் பார்த்தாள். இப்போது ஒரு வார்த்தை கேட்டால் அவன் உடைந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமல் விட்டால் ஏட்டில் சரியாக ஐந்நூறு. எழுந்து போய் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷம், அம்மா!

"அன்னைக்கு எங்க இருந்தீங்க, அண்ணே?" என்று கேட்டாள்.

"ஆத்துல" என்றான் அவன்.

"ஆத்துலயா?" என்றாள் பொற்கலை.

"நடு ஆத்துல. அங்க வந்தா உங்காளுக கல்லெடுப்பாங்க. திரும்புனா எங்காளுக ஏன்டா போனன்னு அடிப்பாங்க. படக நிறுத்திட்டு உக்காந்துருந்தேன். மாமாவ எரிச்ச புகை அடங்குற வரைக்கும் அங்கனயேதான் இருந்தேன், புள்ள. அரிசிய ஆத்துலதான் போட்டேன்."

பொற்கலை அவனையே பார்த்தாள். பிறகு, "இதைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானய்யா, கூறுகெட்ட மனுஷா!" என்று அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். அறைந்த கையை எடுக்காமல் அப்படியே அழுதாள். திரைக்குப் பின்னால் குறட்டை நின்றது. பூவராகர் எட்டிப் பார்த்து, "சேர்ந்துவிட்டார்களா? அடடா" என்று ஏட்டில் அந்த நாற்பதையும் அடித்துவிட்டார்.

அத்தோடு விட்டார்களா? பரிமளரங்கன் மனுக் கொடுத்தான். உரிமம் பெறாத ஒருத்தி பதினொரு வீடுகளைச் சேர்த்துவைத்திருக்கிறாள். பயிற்சியில் இருப்பவர் பழகலாம், பலிக்கச் செய்யலாமா? அமைச்சர் அசந்துபோனார். நான்காம் ஆணை அன்று மாலையே எழுதப்பட்டது. பயிற்சிக் காலத்தில் சேர்த்துவைத்தல் உரிமமற்ற சேர்த்துவைத்தலாகும். தண்டனை, வீட்டுக்கு ஒரு வருஷம் உப்பளம். பதினொரு வீட்டுக்குப் பதினொரு வருஷம்.

விசாரணை அரண்மனை முற்றத்தில் நடந்தது. இரு கரையிலிருந்தும் பதினொரு தம்பதிகளைச் சாட்சிக்கு வரவழைத்திருந்தார்கள். மேல்மாடத்தில் ராஜா அமர்ந்திருந்தார். தையல்நாயகி கை கட்டி நின்றாள். உப்பளத்தில் பதினொரு வருஷம் என்றால் வெயிலில் மின்னுகிற உப்பைப் பார்த்தே அவளுக்குக் கண் போய்விடும், அது எல்லாருக்கும் தெரியும்.

"சாட்சிகளே! நீங்கள் இப்போது சமாதானமாக வாழ்கிறீர்களா? ஆம் என்றால் ஆம் எனச் சொல்லுங்கள்" என்றார் அமைச்சர்.

பொற்கலை தையல்நாயகியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சமாதானமா? இந்தக் கட்டையில போறவனோடயா? மேல்கரைப் புத்தி எங்க போகும்!"

கோட்டைச்சாமிக்கு முதலில் தலைகால் புரியவில்லை. அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது. "வாய மூடுடி! கீழ்க்கரைக் கொழுப்பு இது!" என்று எகிறினான்.

பக்கத்தில் இருந்தவள் தன் புருஷன் மேல் பாய்ந்தாள். அதற்கடுத்தவன் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் அடித்தான். பதினொரு தம்பதிகளும் சேர்ந்து போட்ட கூச்சலில் அரண்மனைப் புறாக்கள் பறந்தன. ஒரு கிழவர், பாவம், திட்ட வார்த்தை தெரியாமல் "போ, போ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்நாயகி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் காவலர்கள் நினைத்தார்கள்.

செஞ்சொற்கோமானின் முகம் மலர்ந்தது. "மன்னா, சண்டைகள் அனைத்தும் உயிரோடு இருக்கின்றன! எனவே அமர்வுகள் அனைத்தும் செல்லும். ஐந்நூறென்ன, அறுநூற்றைத் தாண்டுகிறது. இத்தனை வீடுகளில் இத்தனை நாள் பேசியும் ஒன்றைக்கூடத் தீர்க்காதவர் நம் நாட்டில் இதுவரை ஒருவர்தான் இருந்தார்" என்று சொல்லி மேல்மாடத்தை நோக்கிக் கும்பிட்டார்.

நெடுஞ்செவியர் அடக்கமாகத் தலையசைத்தார். நாற்பது வருஷமாக இரு கரைக்கும் நடுவே சமரசம் பேசிவருபவர் அவர்தானே. கீழே மேல்கரையும் கீழ்க்கரையும் மாறி மாறித் திட்டிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டார். ராஜ்ஜியம் நல்லபடியாக இருக்கிறது என்று திருப்தியோடு எழுந்து சாப்பிடப் போனார்.

தையல்நாயகியின் கையில் உரிமத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பதினொரு தம்பதிகளும் அவளைச் சுற்றிக்கொண்டு துறை வரைக்கும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே வந்தார்கள். கோட்டைச்சாமி படகை அவிழ்த்தான். மேல்கரையும் கீழ்க்கரையும் அதே ஒரு படகில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டன. காவலர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், ஆற்றின் பாதி தாண்டும் வரைக்கும் யாரும் திட்டுவதை நிறுத்தவில்லை.