பாடத்துக்காகக் கலைத்த வீடு

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நானும் மகளும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாங்கள் நலமா இல்லையா என்பதை இப்போது குழந்தைகள் நல அதிகாரிதான் சொல்ல வேண்டுமாம். உன் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் என் வணக்கம். உங்கள் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு பார். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் படி.

நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது என்று மகளைக் காப்பகத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அந்தக் கதைக்கு இப்போது ஏக மவுசு. சமூகப்பணிக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் வீடு தேடி வந்து, "நீங்க பட்டதெல்லாம் அறிவும்மா, எங்க பிள்ளைங்களுக்கு நீங்கதான் பாடம் நடத்தணும்" என்றார். பட்டபோது அதை யாரும் அறிவு என்று சொல்லவில்லை, கேஸ் என்றார்கள். இருந்தாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதன்கிழமைதோறும் மாணவர்கள் ஃபைலும் கையுமாக என் வீட்டுக்கு வந்து, நிஜ அதிகாரிகள் மாதிரி சோதனை போட்டுப் பழகுவார்கள். எங்கே சொதப்பினார்கள் என்று நான் சொல்ல வேண்டும். முதல் வாரம் வீட்டைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தேன். பேராசிரியைக்கு முகம் தொங்கிவிட்டது. "இவ்வளவு சுத்தமா இருந்தா பிள்ளைங்க எதைம்மா கத்துக்கும்? அப்போ இருந்த மாதிரி கொஞ்சம் கலைச்சுப் போடுங்களேன்" என்றார். படிப்பு விஷயமாயிற்றே என்று அடுத்த வாரம் கழுவாத பாத்திரங்களைப் பரப்பி, அழுக்குத்துணியை நடுக்கூடத்தில் கொட்டி, தையல் மெஷின் மேல் எச்சில் தட்டைக்கூட வைத்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்தவள், பார்த்துவிட்டுப் புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாள். நான் அவளைக் கவனிக்கவில்லை. மாணவர்கள் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு புண்ணியவான், முதல் வகுப்புக்கு மட்டம் போட்டவன். நான்தான் ஆசிரியை என்பதே அவனுக்குத் தெரியாது. மற்றவர்கள் கைதட்டுவதற்கு முன்பே கிளம்பிப்போய், நேரே நல அலுவலகத்துக்கே புகார் அனுப்பிவிட்டான். அடுத்த புதன் சாயங்காலம், மாணவர்கள் போய் நான் துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது, நிஜ அதிகாரியம்மா வாசலில் நிற்கிறார்! "இது காலேஜுக்காக வேணும்னே கலைச்சதுங்க" என்றேன். "எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க. இதை மட்டும் இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார். பேராசிரியைக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். என்னைப் போன்றவர்களின் குரலைக் கேட்க வேண்டும் என்று எங்கோ மேடையில் பேசிக்கொண்டிருந்தாராம். புகார் கொடுத்தவனுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண், ஆபத்தை உடனே கண்டுகொண்டானாம்.

அதிகாரியம்மா மகளைத் தனியாக உட்காரவைத்து, "வீட்ல பயமா இருக்குமா, பாப்பா?" என்று கேட்டார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"புதன்கிழமை மட்டும்."

"ஏன்?"

"மறுபடியும் கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு."

உள்ளே போய் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். இனி வெள்ளிக்கிழமைதோறும் அதிகாரியம்மா வருவாராம். வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமாம். புதன் வருகிறவர்களுக்குக் குப்பை, வெள்ளி வருகிறவருக்குச் சுத்தம், நடுவில் நாங்கள் எப்போது குடியிருப்பது? மகள் மறுபடி என் கையை விட்டுப் போனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். அந்தக் கல்லூரிக்காரர்களின் சங்காத்தமே இனி வேண்டாம் என்று தலை முழுகிவிட்டேன்.

ஃபைலோடு யாரும் கதவைத் தட்டாத வாழ்வு உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் வாய்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: வீடு பார்க்க வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது பேராசிரியை ஓடி வந்தார். நடந்ததை நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாராம், அவர்களும் கேஸை மூடிவிட்டார்களாம். "பாடம் பாதியில நிக்குதும்மா" என்று கெஞ்சினார். "நடத்தறேன், ஆனா இனிமே சோதனை உங்க வீட்லதான்" என்றேன். அவருக்கு வேர்த்துவிட்டது. "ஒரு வாரம் டைம் குடுங்கம்மா, வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கறேன்" என்கிறார். எங்களுக்கு யாரடி ஒரு நிமிஷம் தந்தார்கள்? நாளைக் காலையே மாணவர்களோடு அவர் வீட்டுக்குப் போகிறோம். மகளும் வருகிறாள், ஃபைலை அவள்தான் பிடித்துக்கொள்வாளாம்.