எழுபது இனத்தாரும் ஒரு தம்பியும்

உலக மக்கள் அத்தனை பேருக்கும் சொந்தக்காரர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால், அவர் எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் எங்கள் லாட்ஜின் எட்டாம் அறையில் இருந்தார். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அவரைத் தேடி ஓர் ஆள் வந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் 'எழுபதார்'.

எல்லாம் யூதர்களால் வந்தது. அவர்களுடைய பழைய ஏடுகளைப் பற்றிய எதையோ புரூஃப் பார்க்கப்போய் மனிதர் மாட்டிக்கொண்டார். எருசலேம் கோவிலில் ஒரு திருவிழாவுக்கு எழுபது காளைகளைப் பலியிடுவார்களாம், உலகத்தின் எழுபது இனத்தாருக்காகவும்.

"அவங்கள அடிமையா வெச்சிருந்த எகிப்துக்காரனுக்கும் சேர்த்துத்தாங்க. ஒருத்தரையும் விடல," என்பார், பல் தேய்த்துக்கொண்டிருக்கும் என்னிடம்.

காளைக்கு எங்கே போவது? மாதா கோவில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். பூசை தொடங்கும்முன் அது யாருக்காக என்று எங்கள் கோவிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசிப்பார். பெரும்பாலும் இறந்தவர்கள் பெயர்தான். அந்த வரிசையில் வாரம் ஓர் இனம் நுழைந்தது. எஸ்கிமோக்களின் ஞாயிறன்று முன் பெஞ்சு அம்மா ஒருவர் எழுபதாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எஸ்கிமோ எப்பங்க தவறினாரு? எனக்கு யாருமே சொல்லலையே."

அச்சகத்து ஃபோர்மன் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர். "எங்க முறை எப்போ ஓய்?" என்று கேட்டார்.

"அறுபதாவது வாரங்க."

"அதுக்குள்ள நான் கண்ணை மூடித் திருநாடு போயிட்டா? இருக்கட்டும், உம்ம பேரைப் பெருமாள்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்."

என் வாய் சும்மா இருக்காது. ஐம்பத்திரண்டாம் வாரம் முடிந்ததும் கேட்டுவிட்டேன். "எகிப்துக்காரனுக்கெல்லாம் வெச்சீங்க. திருவெறும்பூர்ல இருக்கிற உங்க தம்பிக்கு எப்பங்க?"

தம்பி சூசை இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அதோடு பேச்சுவார்த்தை அறுந்து பதினோரு வருஷம். எழுபதார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு உபதேசியார் வாசித்தார்: "திருவெறும்பூர் சூசை, அவர் மனைவி மீனாட்சி குடும்பத்துக்காக." வரச்சொல்லித் தம்பிக்கு எழுபதார் கார்டும் போட்டிருந்தார். பக்கத்தில் குடையையும் கைக்குட்டையையும் வைத்து இரண்டு பேருக்கு இடம் பிடித்திருந்தார். பூசை முடியும்வரை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

மறுவாரமும் அதே பெயர்கள், அதே குடை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மிச்சமிருந்த பதினெட்டு இனத்தாரை, ஃபோர்மன் உட்பட, மறந்தே போனார்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவில் பக்கம் போகிறவன் நான்; அங்கே நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். ஐந்தாம் வாரம் மனசு கேட்கவில்லை. கைக்குட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

"அவங்க வந்தா எந்திரிச்சுக்குவீங்கல்ல?" என்றார் மெதுவாக.

"எந்திரிச்சுக்கிறேங்க."

வேலை மாற்றலாகி நான் ஊரைவிட்டுப் போகும்வரை, ஒரு ஞாயிறுகூட எழுந்திருக்க வேண்டி வரவில்லை. வந்திருந்தால் என்னைவிடச் சந்தோஷமாக எழுந்திருப்பவன் யாரும் இருந்திருக்க முடியாது.