சேர்த்து வைத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

பிள்ளைகளே, உங்கள் அப்பாவை ஓர் ஏணி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. மனிதர் யாராவது சொல்லியிருந்தால் கோபப்படலாம். ஏணியிடம் என்ன பேசுவது?

நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில், பழுதுபார்க்கும் பிரிவில் ஓர் இடம் காலியானது. அங்கே பகல் வேலை மட்டும்தான். ஷிப்ட் மாறி மாறி, நீங்கள் தூங்கும்போது மட்டுமே உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடம் எப்படியாவது வேண்டும். ஆனால் அந்தப் பிரிவின் ஏணி நூறு கிலோதான் தாங்கும் என்று அதிலேயே ஒட்டியிருந்தது. நான் நூற்று ஐந்து. சூப்பர்வைசர் ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார்.

சுங்கை பட்டாணியில் ஜிம்முக்குப் போகிற உங்கள் மாமாதான் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

"தெனமும் கொறைச்சு சாப்பிடுங்க மச்சான். ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு மங்கு சோறு கூட. அப்பதான் ஒடம்பும் சோராது, மனசும் அலையாது. ஒரு மங்குதான்லா!"

இங்கேதான் என் அறிவு குறுக்கே வந்தது. நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். ஆனால் தொழிற்சாலை விதிமுறைகள் மனப்பாடம். எடுக்காத விடுப்பைச் சேர்த்து வைத்து மொத்தமாக எடுக்கலாம் அல்லவா? அந்தக் கிண்ணச் சோற்றுக்கும் அதே விதிதான் என்று முடிவு செய்தேன். (மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பாரே!)

ஞாயிறு வந்தால் அம்மா கேட்பார்.

"ஏங்க, இன்னைக்கு கூடுதல் சோத்து நாளாச்சே, போடவா?"

"வேணாம். சேத்து வைக்கிறேன்."

"சோத்தையா?"

"ஞாயித்துக்கெழமைய."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஐந்து ஞாயிறு இப்படிப் போனது. ஆறாவது சனிக்கிழமை எடை பார்த்தேன்: தொண்ணூற்று ஒன்பது! திங்கட்கிழமை காலை கிளினிக்கில் எடை காட்டினால் வேலை எனக்கு. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. அதுவோ தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு. புக்கிட் செலம்பாவில் நம் பக்கம் பதினோரு வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, யார் போனாலும் சாப்பாடு. என் கையிலோ ஆறு நாள் விடுப்பு.

முதல் வீட்டில் மட்டன் பிரியாணி. இரண்டாவதில் நெய்ச்சோறு, கோழி ரெண்டாங். நான்காம் வீட்டு அக்கா, "எங்க வீட்ல மட்டும் முறுக்க கடிச்சிட்டு ஓடிராதீங்க தம்பி" என்றார். நான் ஓடுவதாகவே இல்லை. இன்னும் மூன்று ஞாயிறு மீதி இருந்தது. ஆறாம் வீட்டில் விடுப்பு தீர்ந்தது. ஆனால் திறந்து வைத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டுச் சாப்பிடாமல் வர முடியுமா? மீதி ஐந்து வீட்டிலும் ஓவர்டைம் பார்த்தேன்.

திங்கள் காலை எடை இயந்திரம் நூற்று இரண்டரை காட்டியது. காலணியைக் கழற்றினேன். பெல்ட், கடிகாரம், சாவிக்கொத்து, வேலை அட்டை. அப்போதும் நூற்றொன்றுக்கு மேல். சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது எடை பார்த்த நர்ஸ் மிஸ்ஸி தடுத்தார்.

"அண்ணே, போதும்ணே!"

"மிஸ்ஸி, இது என் எடையே இல்ல! பதினோரு வீட்டோடது!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மிஸ்ஸி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உண்மைதாண்ணே, இதுல பாதிக்கு மேல தண்ணி, உப்பு, சோறு. கொழுப்பு இல்ல. மூணு நாள்ல எறங்கிடும்" என்றார். ஆனால் மதியமே பெயரை அனுப்ப வேண்டும் என்றார் சூப்பர்வைசர். இடம் என்னோடு வேலை பார்க்கும் அந்தோணிக்குப் போனது. (அவனும் அதே பதினோரு வீட்டில் சாப்பிட்டவன்தான். அறுபத்திரண்டு கிலோ.)

அந்தப் பதினோரு வீட்டுக் கதை எனக்கு முன்பே நம் வீட்டுக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை எடை பார்த்தேன். தொண்ணூற்று ஒன்பது.

அடுத்த இடம் காலியாகப் பதினான்கு மாதம் ஆனது. இப்போது பகல் வேலையில்தான் இருக்கிறேன். மாலையில் உங்கள் பள்ளிப் பைகளை நானே திறந்து பார்க்கிறேன். அப்படித்தான் போன மாதம் சின்னவளின் கணக்குத் தாளை எடுத்தேன். முப்பத்தொன்று. என்னம்மா இது என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்:

"இது என் மார்க்கே இல்லப்பா. பதினோரு வீட்டோடது."

திட்ட முடியவில்லை. அம்மா அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.