பலவேசத்தின் தொண்டைக்கட்டு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த பலவேசம், "அக்கா, ஒரு காப்பி" என்றார். காற்று மட்டும் வந்தது. சத்தம் வரவில்லை.

அடுப்படியிலிருந்து சந்தனம்மாள் எட்டிப் பார்த்தார். "என்னலே, வாயை மட்டும் அசைக்கிற?"

"தொண்டை கட்டிருச்சு."

"எப்படிக் கட்டுச்சு?"

பலவேசத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தேனி கடைத்தெருவில் முப்பது வருடமாக மோட்டார், பைப் வியாபாரம். எந்த மோட்டார் எத்தனை அடியிலிருந்து தண்ணீர் இழுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பொய்தான் சட்டென்று வராது.

"கடையில கத்திக் கத்தி..." என்றார்.

அக்கா உடனே கடைக்குப் போன் போட்டார். பதினைந்து வருடமாகக் கடையில் இருக்கும் அஜய்குமார் எடுத்தார்.

"அண்ணாச்சி கத்துனாகளா? இன்னைக்கு கடைக்கே வரலையே பெரியம்மா. செவ்வாக்கிழமைன்னா கம்பத்துக்குல்ல போவாக."

சந்தனம்மாள் போனை வைத்துவிட்டுத் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பலவேசம் அவசரமாகப் பாத்ரூமுக்குப் போய்விட்டார்.

பலவேசத்தின் மனைவி மாரீஸ்வரி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. துக்கத்துக்கு வந்த அக்கா, "வருஷம் திரும்புற வரைக்கும் இவனைப் பார்த்துக்கிறேன்" என்று உத்தமபாளையத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பழனிசெட்டிபட்டியிலேயே தங்கிவிட்டார். பார்த்துக்கொள்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, கல்யாணவீடு, காதுகுத்து எதுவும் இல்லை. டிவியில் செய்தி மட்டும். அதிலும் விளையாட்டுச் செய்தி வந்தால் அணைத்துவிடுவார். ஒரு நாள் சீரகத் தண்ணீர் புரையேறிப் பலவேசம் இருமியதைச் சிரிப்பு என்று நினைத்து, "வருஷம் திரும்பலைலே" என்று அதட்டியிருக்கிறார்.

அப்படிப்பட்ட அக்காவிடம் உண்மையை எப்படிச் சொல்வது?

உண்மை இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால், சுருளிப்பட்டி போகும் வழியில் இருக்கும் ஹேப்பி வேலி தீம் பார்க்கில் தண்ணீர்ச் சறுக்கலுக்கு மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்தார். கிளம்பும்போது மேனேஜர், "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டுப் போங்க சார்" என்று கொலம்பஸ் கப்பலில் ஏற்றிவிட்டார். முன்னும் பின்னும் வானத்துக்கு வீசி ஆட்டும் அந்தப் பெரிய கப்பல் ஊஞ்சலில், நுனி வரிசைதான் காலியாக இருந்தது.

மாரீஸ்வரி போன அன்று அவர் அழவில்லை. நேரம் இல்லை. ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தலுக்குச் சொல்ல வேண்டும், நாற்காலி பத்தவில்லை, வந்தவர்களுக்குக் காப்பி பத்தவில்லை. எல்லாம் முடிந்து நேரம் கிடைத்தபோது அழுகை வரவில்லை. போர்வெல் போட்டு எழுநூறு அடி இறங்கியும் புழுதி மட்டும் வருகிற மாதிரி இருந்தது. அந்தக் கப்பல் உச்சிக்குப் போய், வயிறு மேலேயே நின்றுகொண்டு உடம்பு மட்டும் கீழே விழுந்தபோது, "மாரீஸ்வரீ!" என்று ஒரு அலறல் கிளம்பியது. அது தன் குரல்தான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கும்போது முகமெல்லாம் ஈரம். பக்கத்தில் இருந்த ஒரு பெரிய மனிதர் கர்ச்சீப்பை நீட்டி, "எனக்கும் இப்படித்தான் சார், காத்து கண்ணுல அடிக்கும்" என்றார். அவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் மாதத்தில் இரண்டு செவ்வாய் பலவேசம் அங்கேதான். வேலை நாளில் வருகிறவர்களில் பாதிப் பேர் பெரியவர்கள். குழந்தையைச் சாக்கு வைத்துக் கூட்டி வந்து, குழந்தையை ஐஸ்கிரீம் கடையில் உட்கார வைத்துவிட்டுத் தாங்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கடையில் கத்தினால் வாடிக்கையாளர் போய்விடுவார். வீட்டில் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். ரோட்டில் கத்தினால் போலீஸ் வரும். டிக்கெட்டும் கொடுத்து, பெல்ட்டும் மாட்டி, கத்தி முடித்ததும் "திரும்ப வாங்க சார்" என்று சொல்ல மாவட்டத்தில் வேறு இடம் எது?

மறுநாள் அக்கா அவரைத் தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் ஜெபராஜ் விளக்கடித்துப் பார்த்தார்.

"மேடையில பேசுறவரா?"

"பைப் கடை வச்சிருக்கேன்."

"பைப்பைக் கூவியா விக்கிறீங்க? தொண்டை புண்ணா இருக்கு. நல்லாக் கத்தியிருக்கீங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, பல தடவை."

வெளியே வந்ததும் அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டார். "எங்கன போய்க் கத்துன? இப்பச் சொல்லு."

பலவேசம் கணக்குப் போட்டார். கம்பம் பக்கம், கத்த வேண்டும், செவ்வாய்க்கிழமை. மூன்றையும் சேர்த்தால் ஒன்றுதான் அகப்பட்டது.

"சுருளியில" என்றார். "அருவிக்கரையில நின்னு அவ பேரைச் சொல்லித் தண்ணி விடுறேன். அருவிச் சத்தத்துக்கு மேல கத்திக் கூப்பிட்டாத்தான் தண்ணி அவளுக்குப் போய்ச் சேருமாம். ஒரு சாமியார் சொன்னாரு."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் சாமி! வெளிய சொல்லாம இத்தனை நாளும் இதையா செஞ்ச?"

தப்பித்தோம் என்று நினைத்தார் பலவேசம். சாயங்காலத்துக்குள் பழனிசெட்டிபட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் கடைக்கு இரண்டு பேர் வந்து, எத்தனை தடவை கத்த வேண்டும், வெறும் வயிற்றில் கத்த வேண்டுமா, சாப்பிட்டுவிட்டா என்று முறை கேட்டார்கள். அதில் ஒருவருக்கு மனைவி உயிரோடுதான் இருந்தார். "தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுதானே அண்ணாச்சி" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே பதினாலு சொந்தக்காரர்கள், இரண்டு தூக்குச்சட்டி எலுமிச்சைச் சோறு.

"எல்லாருமாச் சேர்ந்து கூப்பிட்டா அவளுக்கு இன்னும் நல்லாக் கேக்கும்ல" என்றார் சந்தனம்மாள்.

வழியில் ஹேப்பி வேலியின் ராட்டினம் தெரிந்தபோது பலவேசம் எதிர்ப்பக்கம் திரும்பி, தோப்பில் தென்னை மரங்களை எண்ணினார்.

சுருளி வாசலில் வனக்காவலர் வேனை மறித்தார். "யானை இறங்கியிருக்கு. யாரையும் விட முடியாது."

"ஐயய்யோ, எப்ப இருந்து?" என்றார் அக்கா.

"இன்னையோட இருவது நாள்."

வேனுக்குள் பதினாலு தலையும் பலவேசத்தின் பக்கம் திரும்பின.

"போன செவ்வாக்கிழமை எப்படிலே போன?"

"நான் உள்ள போகலக்கா. இங்கன வாசல்லயே நின்னு கத்திட்டு வந்துட்டேன்."

"நான் தினமும் இங்கனதான் நிக்கிறேன். ஒருத்தரும் கத்தலையே" என்றார் காவலர்.

"மனசுக்குள்ள கத்துனேன்."

அக்காவின் மகள் சுபாஸ்ரீயின் சின்ன மகள், "மனசுக்குள்ள கத்துனா தொண்டை எப்படித் தாத்தா கட்டும்?" என்று கேட்டாள்.

பேச்சை மாற்றியாக வேண்டும். பலவேசம் யோசிக்காமல் வாயைத் திறந்தார். "பாவம், பிள்ளைக ஆசையா வந்துச்சுக. போற வழியில அந்தப் பார்க்கைக் காட்டிட்டுப் போவோமே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அதற்குள் பிள்ளைகள் வேனை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க பைப் சார்! வழக்கம்போலத்தானே?"

"வழக்கம்போலன்னா?" என்றார் அக்கா.

"பைப்புக்கா. இங்கன பைப் எல்லாம் நம்ம கடைச் சரக்கு. வந்து வந்து பார்த்துக்கிடணும்ல."

பாதி உண்மை என்பதால் இந்தத் தடவை குரல் தடுமாறவில்லை. அதுவே வினையாகப் போயிற்று. பிள்ளைகள் கொலம்பஸ் கப்பலைப் பார்த்து ஓட, மரத்தடியில் பைகளுக்குக் காவலாக உட்கார வைக்கப்பட்டிருந்த பலவேசத்தை அக்கா கூப்பிட்டனுப்பினார்.

"இதுல பிள்ளைகளை ஏத்தலாமாலே? கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் வருது. நீ போட்ட பைப்தானே, பார்த்துச் சொல்லு."

பலவேசம் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். "கெட்டியா இருக்குக்கா."

"கீழ நின்னு தட்டுனா மேல என்ன ஆகும்னு எப்படித் தெரியும்? ஏறி உக்காந்து பாரு."

"அக்கா, வருஷம் திரும்பலையே."

"சந்தோஷத்துக்கு ஏறுறதுதாம்லே தப்பு. இது வேலை. சிரிக்காம உக்காரு."

பலவேசம் ஏறினார். கால் தானாக நுனி வரிசைக்குப் போனது. கப்பலை ஓட்டும் தங்கப்பாண்டி பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன சார், முகத்தை இப்படி வச்சிருக்கீக?" என்றார். பலவேசம் இன்றைக்கு வாயைத் திறக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். பதினாலு பேர் கீழே அண்ணாந்து நிற்கிறார்கள். கடை பெயர், குடும்பப் பெயர், ஏழு மாத விரதம் எல்லாம் இரண்டு உதட்டுக்கு நடுவில் இருந்தது.

முதல் வீச்சில் கம்பியைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கீழே அக்கா திருப்தியாகத் தலையை ஆட்டினார். இரண்டாவது வீச்சில் ஒரு நட்டை விரலால் திருகுவது போலப் பாவனை செய்தார். நாலாவது வீச்சில் இரண்டு கையும் கம்பியை இறுக்கிக்கொண்டன. ஆறாவதில் மேகமலை தலைகீழாக வந்து எதிரே நின்றது. பலவேசம் பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். எலுமிச்சைச் சோற்றை நினைத்துப் பார்த்தார்.

"மாரீஸ்வரீ...! ஏ மாரீஸ்வரீ...!"

பாப்கார்ன் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். தண்ணீர்ச் சறுக்கலில் பாதி வழுக்கியவர் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே சந்தனம்மாள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, அலறலையும் மோட்டாரையும் மீறிக் கத்தினார்.

"ஏலே பலவேசம்! இறங்குலே கீழ! ஏலே பலவேசம்!"

கப்பல் நின்றது. பலவேசம் இறங்கினார். கன்னத்தில் ஈரம். பிள்ளைகள் மட்டும் கைதட்டினார்கள். அவர்கள் தலையில் ஒரு குட்டு விழுந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப சுருளி பொய்யி" என்றார் அக்கா. "சாமியார் பொய்யி. தண்ணி விட்டது பொய்யி."

"கத்துனது மட்டும் நெசம்க்கா."

"சீ, பேசாத! இந்த வயசுல, இந்த வருஷத்துல, ஊஞ்சலாடிக்கிட்டா அவ பேரைச் சொன்ன?" அக்கா, சுருளியில் வைத்துக் கும்பிடுவதற்காகக் கொண்டுவந்திருந்த மாரீஸ்வரியின் படத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "பாருலே இந்த முகத்தை! முப்பத்திரண்டு வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணினவ. ஒரு நாள் குரல் ஒசந்திருக்குமா? ரேசன் கடையில புருசன் பேரு கேட்டாக்கூட உன் பேரை வாய்விட்டுச் சொல்லாம, கார்டைக் காட்டிட்டுத் தலையைக் குனிஞ்சவ. அவளுக்கு இப்படி ஒரு அசிங்கத்தைத் தேடி வச்சிட்டியே! இனிமே இந்தப் பக்கம் காலை வைக்க மாட்டேன்னு இவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பலவேசம் படத்தைப் பார்த்தார். மாரீஸ்வரி வழக்கம்போல எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாலு மாதத்தில் மூச்சு விடக் கிடைத்த ஒரே இடம் இது. ஆனால் அக்கா சொல்வதிலும் நியாயம் இருந்தது. அத்தனை அமைதியானவளின் பெயரை இத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்திருக்க வேண்டாம். அவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்த தங்கப்பாண்டி, படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் பைப் சார், அப்ப பலவேசங்கிறது நீங்கதானா? ஏழெட்டு மாசத்துக்கு முந்தி வரைக்கும், ரெண்டு வருஷமா மாசம் தவறாம இந்தம்மா தனியா வந்து, இதே நுனி சீட்டுல உக்காந்து, உச்சிக்குப் போறப்பல்லாம் 'ஏலே பலவேசம்'னு தொண்டை கிழியத் திட்டுவாக. நான் ஏதோ குலசாமி மேல கோவம் போலன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்!"