சும்மா தட்டில் முளைத்தது

“முளைக்கக் கூடாத தட்டுல முளைச்சிருக்கு. இதுக்கு என்ன பதில் எழுதப் போறீங்க?” என்றார் சூப்பிரண்டு.

லேப்காரர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊர்ச் சாக்கடை முழுவதும் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில், அந்தத் தண்ணீரில் என்ன கிருமி இருக்கிறதென்று வளர்த்துப் பார்ப்பது இருபத்தாறு வருடமாக அவர் உத்தியோகம். சாக்கடைத் தண்ணீர் விட்ட தட்டில் கிருமி வளராவிட்டால்தான் அதிசயம். கூடவே, காய்ச்சிக் கிருமி கொன்ற தண்ணீரையும் ஒரு தட்டில் விட்டு வைப்பார்கள். அதற்குப் பெயர் சும்மா தட்டு. அது சும்மா இருந்தால்தான் மற்ற தட்டுகளின் முடிவு செல்லும்.

அது சும்மா இருக்கவில்லை. முளைத்ததை எடுத்து ஏழு மருந்து வில்லைகளுக்கு நடுவே வளரவிட்டுப் பார்த்தார். ஏழும் தோற்றன. ஏழாவது, ஆஸ்பத்திரியில் வேறு எந்த மருந்துக்கும் நோய் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து. இந்தக் கிருமி யார் ரத்தத்தில் ஏறினாலும் டாக்டர் கையை விரிக்க வேண்டியதுதான்.

“அது கிடக்கட்டும் சார். வியாழக்கிழமை லீவு வேணும். பேத்தியைக் கண்ணாடிப் பெட்டியில இருந்து வெளிய எடுக்கறாங்க. தாத்தா தூக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார்.”

“சும்மா தட்டு சுத்தமா வரட்டும். அப்புறம் தூக்குங்க.”

குறைமாதத்தில் பிறந்தவள், இன்னும் இரண்டு கிலோ தேறவில்லை. முப்பத்திரண்டு நாளாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே அவர் ஏங்கிப் போயிருந்தார்.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, இரண்டு தரம் காய்ச்சினார். முதல் தடவை ஆறு கிருமிப் புள்ளி முளைத்த இடத்தில் இப்போது பத்தொன்பது முளைத்தது.

அடுத்து அட்டெண்டர் அம்மாவைச் சந்தேகப்பட்டார். “நீங்க தட்டு கழுவற லட்சணம்தாம்மா இது. இனிமே எதையும் தொடாதீங்க.”

“சரிங்க சார்,” என்று அந்தம்மா ஒதுங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து கழுவுவது, துடைப்பது, மூடுவது எல்லாம் லேப்காரரே. கிட்டத்தில் குனிந்து பார்த்துப் பார்த்துச் செய்தார். அறுபத்திரண்டு புள்ளி.

காற்றில் வருகிறதோ என்று ஜன்னலை அடைத்தார், மின்விசிறியை நிறுத்தினார். மறுநாள் எண்ணவே முடியவில்லை.

“சாக்கடையே தேவலை போலிருக்கே,” என்றார் சூப்பிரண்டு.

புதன்கிழமை சாயங்காலம் லேப்காரர் கண் கலங்கி நின்றார். சூப்பிரண்டும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

“சரி, போய்ட்டு வாங்க. நாளைக்குத் தட்டை அந்தம்மா போடட்டும். இதுக்கு மேல கெட என்ன இருக்கு?”

வியாழக்கிழமை, நர்ஸ் சொன்னபடி மூன்று தரம் கை கழுவிவிட்டு, பேத்தியை நெஞ்சோடு வாங்கிக்கொண்டார். பஞ்சு மாதிரி இருந்தாள். உச்சி முகர்ந்தார். கன்னத்தில், நெற்றியில், உள்ளங்கையில் முத்தமிட்டார். நேரமாயிற்று என்று நர்ஸ் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தால், சும்மா தட்டில் ஒரு புள்ளி இல்லை. சூப்பிரண்டு அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“பேத்தியைத் தூக்கின நேரம் சார்,” என்று பூரித்துப்போன லேப்காரர், அட்டெண்டர் அம்மாவிடம் திரும்பினார். “திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா. எதை மாத்தினீங்க? சொல்லுங்க, இனிமே அப்படியே செஞ்சுடலாம்.”

அந்தம்மா விரல் விட்டு எண்ணினார்.

“எதையும் மாத்தலை சார். அதே தண்ணி, அதே தட்டு, அதே மூடி. நீங்க மட்டும்தான் இல்ல.”