கடைசி அரக்கனும் ஆடி ஞாயிறும்

அரக்கன் எப்போது குதிப்பான் என்பதைப் பாட்டுதான் சொல்லும். 'டும்டும் டகடக' என்று போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று வேகம் இரட்டிப்பானால் தலைக்கு மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்துத்தான் சுசீலா டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள்.

"அடிப்பாவி!" என்று வேம்புலி அலறுவதற்குள் இளவரசன் நசுங்கிப் போனான். பாக்கி இரண்டு உயிர்.

"கத்தாதய்யா. அம்மா உள்ள கீது. ஆடி மாசத்துல இந்தப் பம்பை சத்தம் கேட்டா அதுக்குச் சாமி வந்துரும்."

மாமியார் குப்பம்மா கூழ் ஊற்றுவதற்காக வியாழக்கிழமையே குமணன்சாவடியிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு வந்துவிட்டாள். வந்தாள் என்றுதான் பேர். மாப்பிள்ளைக்கு எதிரே நிற்பதும் முகம் பார்த்துப் பேசுவதும் மரியாதையில்லை என்று ஒன்பது வருஷமாகக் கதவுத் திரைக்குப் பின்னாலேயே காலம் தள்ளுகிற மகராசி. காபி ஆறினால்கூட, "அவருகிட்ட சொல்லும்மா" என்று மகள் வழியாகத்தான் சேதி வரும்.

டிவியில் மாட்டி ஆடுகிற அந்த வீடியோ கேம் பெட்டி ஜேம்ஸுடையது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேம்புலியோடு லேத் ஓட்டுகிறவன், குமணன்சாவடியில் மாமியாருக்குப் பக்கத்து வீடு. வெள்ளிக்கிழமை கொடுத்தான், ஞாயிறு ஆறு மணிக்கு எடுத்துக்கொள்வான். பெட்டியை அணைத்தால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. அதனால் இரண்டு நாளாக அணைக்காமல், சூடாகாமலிருக்க டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பிவிட்டு, புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தான் வேம்புலி. ஆரஞ்சு வானம், ஊதாக் காடு, சதுரம் சதுரமாகக் கொட்டுகிற அருவி எல்லாம் தாண்டி, நிலா வெளிச்சத்துக் கோட்டைக்கு வந்தாயிற்று. மிச்சம் இந்த ஒரு தடியன்தான்.

வேம்புலி பத்தாவதைப் பாதியில் விட்டவன். டைப்ரைட்டிங்கும் பாதி. பொங்கலுக்கு ஆரம்பித்த வெள்ளையடிப்பு இன்னும் முக்கால் சுவரில் நிற்கிறது. "நீ எதையாச்சும் முழுசா முடிச்சிகீறியா?" என்று சுசீலா கேட்காத நாளில்லை. இந்த ஒன்றையாவது முடித்துக் காட்டாவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

சத்தமில்லாமல் ஆடிப் பார்த்தான். இன்னொரு உயிர் போனது. கடைசி உயிர்!

தலையணையை ஸ்பீக்கர்மேல் அமுக்கிச் சத்தம் வைத்தான். வினை அங்கேதான் வந்தது. 'டகடக' அமுங்கி 'டும்டும்' மட்டும் கும்மென்று கிளம்ப, இப்போது அது அசல் பம்பையேதான்.

"டேஏஏய்!"

திரை கிழிந்து விழுந்தது. தலைவிரி கோலமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு குப்பம்மா கூடத்துக்கு வந்துவிட்டாள். வேம்புலி பதறிப்போய் ஆட்டத்தை நிறுத்தினான். பாட்டும் நின்றது.

"யார்ரா பம்பையை நிறுத்தினது? அடிடா!"

சத்தம் கேட்டு எதிர்வீட்டு நாகம்மா மஞ்சத்தண்ணிச் சொம்போடு ஓடிவந்தாள். பின்னாலேயே வேப்பிலையும் கற்பூரமுமாகத் தெருவே வந்தது.

"நிறுத்தாதே அண்ணாத்தே, ஆத்தா கோச்சுக்கும்!"

இருபது பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்க, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடினான் வேம்புலி.

"ஆத்தா, என் பொண்ணுக்குக் கல்யாணம் எப்போ கூடும்?" என்று நாகம்மா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"தையில கூடும். தள்ளி நில்லுடி, மறைக்காதே!"

அரக்கன் குனிந்தான். 'டும்டும்' வேகமெடுத்தது.

"மகனே!" என்று ஆத்தா உறுமினாள். "அவன்மேல பாயாதே! இடப்பக்கச் செவுத்த மூணு தபா முட்டு!"

தெய்வ வாக்கைத் தட்டமுடியுமா? முட்டினான். மூன்றாவது முட்டில் சுவர் விலகித் தங்கக் கத்தி ஒன்று மின்னியது.

"இப்போ உக்காந்து குத்து!"

குத்தினான். அரக்கன் சதுரம் சதுரமாக உதிர்ந்து விழுந்தான். பம்பை நின்று, கல்யாண வீட்டுக் காலை போல ஒரு ராகம் கிளம்பியது. கருநீல வானம் ரோஸாகி, மஞ்சளாகி, கோட்டை உச்சியில் இளவரசி கையாட்டினாள். நாகம்மா குலவை போட்டாள்.

"முடிச்சிட்டியாய்யா!" என்றாள் சுசீலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. வேம்புலிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த முக்கால் சுவரைத் திரும்பிப் பார்த்தான். அதையும் நாளைக்கே முடித்துவிடலாம் என்றிருந்தது.

கற்பூரம் காட்டினார்கள். சாமி மலையேறியது. கண் திறந்த குப்பம்மா எதிரே மாப்பிள்ளையைப் பார்த்தாளோ இல்லையோ, "ஐயையோ!" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடினாள்.

ஆறு மணிக்கு ஜேம்ஸ் வந்தான். வேம்புலி உடம்பு சிலிர்க்க நடந்ததையெல்லாம் சொன்னான். "அந்த ஆத்தாளே வந்து இடப்பக்கச் செவுத்த முட்டச் சொன்னா மாமே!"

ஜேம்ஸ் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். வயரைச் சுருட்டி, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"உனுக்காவது சாமி வந்து சொல்லிச்சு அண்ணாத்தே. எங்க ஊட்ல, 'தள்றா, உனுக்கு ஆடத் தெரியல'ன்னு என் கையிலேர்ந்து புடுங்கி, உன் மாமியாரே ரெண்டு தபா முடிச்சிட்டாங்க."