வேலந்தாவளம் வாசகர்கள்

மேசைமேல் கிடந்த போன் டிங் டிங்கென்று துள்ளிக்கொண்டே இருந்தது. சிக்கந்தர் ராவுத்தர் எடுத்துப் பார்த்தார். 'வ அலைக்குமுஸ்ஸலாம்.' அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே.

"யோகப்பிரியா, காலைல போட்ட பத்திரிகை எங்கம்மா போச்சு?"

"மேல போயிருச்சுங்க சார். நானூறு பேரு பதில் சலாம் சொல்லிட்டாங்க. தேடித்தான் எடுக்கோணும்."

கொழிஞ்சாம்பாறையில் ராவுத்தரின் அத்தா தொடங்கிய இஸ்லாமிய வாரப் பத்திரிகை 'பிறைச்சுடர்'. கொஞ்ச காலமாக விற்பனை படுத்துவிட்டது. ரமலானுக்குள் நிமிராவிட்டால் மூடவேண்டியதுதான். அதைத் தன் கையால் மூடுவதை நினைத்தாலே ராவுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான், பக்கம் வடிவமைக்கும் யோகப்பிரியாவின் பேச்சைக் கேட்டு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று ஆரம்பித்துப் பத்திரிகையைப் போட்டார். சலாம் சொன்னால் பதில் சொல்லாமல் விடுவார்களா ஜனங்கள்?

"குழுவுல யாரும் பதில் போட முடியாதபடி பூட்டிரலாங்க சார்."

பூட்டினாள். பதில் சொல்லாவிட்டால் குற்றமாகிவிடுமே என்று ஒவ்வொருவரும் ராவுத்தருக்கே போன் செய்தார்கள். சும்மா செய்யவில்லை, எடுத்ததும் புதிதாக ஒரு சலாம் வைத்தார்கள். அதற்கு இவர் பதில் சொன்னார். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது.

அடுத்த வாரம் சலாமையே எடுத்துவிட்டார்.

"என்ன ராவுத்தரே, ஒரு சலாங்கூடச் சொல்லாம உள்ள வர்றது எந்த ஊர் மரியாதை?" என்று பள்ளிவாசல் தலைவரே கூப்பிட்டு ஏசினார்.

சலாம் திரும்பி வந்தது. கூடவே இன்னொரு தலைவலியும் வந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் எப்போதும் அரபியில் ஒரு குர்ஆன் வசனம் இருக்கும். அதை அழிக்க யாருக்கு மனம் வரும்? ஒரு இதழையும் அழிக்காமல் வைத்திருந்ததில் போன்கள் நிரம்பி நின்றுபோயின. பாதிப் பேர் குழுவை விட்டே ஓடிவிட்டார்கள்.

ராவுத்தர் மேசையைத் தட்டினார்.

"போதும்மா! நம்ம ஆளுங்களுக்குக் காகிதந்தான் சரி. வீடு வீடாப் பத்திரிகை போடற குப்பண்ணனோட வேலந்தாவளம் லைனைப் பாரு. நூத்தம்பது பிரதி போகுது. மூணு வருசமா ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? ஒரு புகார் உண்டா? அவங்கதான் வாசகருங்க!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தக் குழுவைக் கலைச்சிரு. இனிக் காகிதம் மட்டுந்தான். அந்த லைனுக்கு முந்நூறாப் போடச் சொல்லு."

"முந்நூறுங்களா?"

இந்த வாரப் பத்திரிகைக் கட்டை எடுக்க வந்திருந்த குப்பண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆமா குப்பண்ணா. உம்மை நம்பித்தான்."

"வேண்டாங்க பாய். ஊட்டுல எடமில்லீங்க."

"ஊட்டுல எதுக்கு எடம்?"

குப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முட்டிவலி வந்ததுல இருந்து, படிச்சதும் அழிச்சுக்கட்டும்னு அந்த அரபி வரிய மட்டும் உட்டுப்போட்டு மிச்சத்தையெல்லாம் போட்டோ புடிச்சு, அத்தன பேருக்கும் போன்லதானுங்க பாய் அனுப்பிட்டிருக்கறேன், சாமி எழுத்து இருக்கற கட்ட எடைக்குப் போடப் பயந்து ஊட்டுல அடுக்கி அடுக்கி, இப்ப நாங்க படுக்கறதே வாசல்லதானுங்க!"